கையில் வாங்கக் கூடாது

ஓட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சோம்புத் தட்டைப் பார்த்ததும் திருதிருவென்று முழிக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் மிச்சச் சில்லறையைத் தட்டில் விட்டுவிட்டு, ஊருக்கே சோறு போட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். சிலர் சர்வர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து நழுவுவார்கள். வைக்கிறவருக்கு அது தயவு, வாங்குகிறவருக்கு அது அரிசி பருப்பு. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டியவன் சாப்பிட வந்தவன் தலையில் பாரத்தைக் கட்டிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து பல் குத்துகிறான். இதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆம்பூர் தாண்டி மாதனூர் போகும் வழியில், பெங்களூர் ஹைவேயை ஒட்டி இருக்கிறது வாஹித் பாஷாவின் பிரியாணி ஓட்டல். அதில் வேலை செய்பவள்தான் சௌந்தரம். வாஹித் பாஷா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஆள் எடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். சௌந்தரத்திடமும் பாடினார்.

"சம்பளம் கம்மிதாம்மா. மீதியை டேபிள் குடுக்கும்."

டேபிள் கொடுக்கும் என்பது முன் ஹாலில் பரிமாறும் டேனியல் மாதிரி ஆட்களுக்குச் சரி. சௌந்தரத்துக்குக் கிடைத்ததோ ஃபேமிலி ரூம். பக்கவாட்டில் தனி வாசல், உள்ளே ஆளுயரத் திரை. பர்தா போட்ட பெண்கள் முகத்திரையைத் தூக்கிவிட்டு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுகிற இடம். ஆண் சர்வர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது என்பதால்தான் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார் வாஹித் பாஷா. அந்த ரூம் மேசைகள் எதையும் கொடுக்காது. பில் புருஷன் கைக்குப் போகும், புருஷன் முன் ஹாலுக்குப் போய்க் கல்லாவில் கட்டுவான், வைக்கிற மனசிருந்தால் அங்கேயே வைத்துவிட்டுப் போவான்.

ஆனால் பெண்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். கை கழுவிவிட்டு வரும்போதோ, குழந்தையை இடுப்பில் தூக்கும்போதோ, மடித்த நோட்டு ஒன்றைச் சௌந்தரத்தின் உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போவார்கள். "டீ குடிச்சுக்கோம்மா" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. அதற்கு ஒரு முறையே உண்டு. வாங்கினால் கையைக் குனிந்து பார்க்கக் கூடாது. வாய்விட்டு நன்றி சொல்லக் கூடாது, பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடும். வேண்டாம் என்று மட்டும் சொல்லவே கூடாது. ஒரு பெண் தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதை மறுத்தால், உன் காசு எனக்குத் தூசு என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும்.

இந்த வேலைக்கு வருமுன் சௌந்தரம் ஷூ கம்பெனியில் இருந்தாள். அப்பர் என்கிற ஷூவின் மேல்தோலை ஒட்டுகிற இடம். நாளெல்லாம் சொல்யூஷன் பசை டப்பாவுக்கு முன்னால் குனிந்திருந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். வேலூர் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இனி அந்த வாசனை பக்கமே போகாதே என்று. அவள் வீட்டைச் சுற்றிப் பத்து ஊருக்கு என்ன வேலை இருக்கிறது? தோல் பதனிடுகிற ஷாப்பு, இல்லாவிட்டால் ஷூ கம்பெனி. காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தாலே அவளுக்கு இருமல் வரும். புருஷன் வேலு செங்கல் லோடு ஏற்றப் போகிறவன், வேலை உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்த ஓட்டல் வேலை போனால் மறுபடி அந்த பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அதாவது, வேலை போனால் அவளுக்கு மூச்சும் போகும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் வந்து ஏறினான் வாஹித் பாஷாவின் மகன் சுஹேல் அகமது. பெங்களூரில் ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு, கல்யாணமும் முடித்துக்கொண்டு, அப்பாவின் கடையைத் தூக்கி நிறுத்த வந்திருந்தான். அவன் செய்த முதல் காரியம் கம்ப்யூட்டர் பில். பில்லின் அடியில் புதிதாக ஒரு வரி முளைத்தது: சர்வீஸ் சார்ஜ். இரண்டாவது காரியம், சர்வர்களைக் கூட்டி வைத்து ஒரு பிரசங்கம்.

"இனிமே யாரும் டிப்ஸ் வாங்கக் கூடாது. தட்டுல வச்சாலும் சரி, கையில குடுத்தாலும் சரி. கஸ்டமர்கிட்ட கை நீட்டுறது நம்ம ஓட்டலுக்கு அசிங்கம். சர்வீஸ் சார்ஜ் வருதில்ல, மாசக் கடைசியில எல்லாருக்கும் சமமா பிரிச்சுக் குடுத்துடறேன். மீறி கையில வாங்குனா அன்னிக்கே கணக்கு முடிச்சுடுவேன்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மாசக் கடைசி வந்தது. ஏசி போட்ட செலவு இருக்கிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றான். அடுத்த மாசம் கேட்டதற்குப் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வாடிக்கையாளர்களோ பில்லில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, அதான் எடுத்துக்கொண்டார்களே என்று தட்டில் ஒற்றை ரூபாய் வைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பெரியவர் வாஹித் பாஷாவிடம் போய் முறையிட்டால், "அவன் படிச்சவன்மா, எல்லாம் யோசிச்சுதான் செய்வான்" என்று சோம்பு டப்பாவைத் திறந்து மூடினார். வருகிற காசு போயிற்று, சம்பளம் மட்டும் பழைய சம்பளமாகவே நின்றது. நல்லா இருக்கிறது கதை!

முன் ஹாலில் மூலைக்கு மூலை கேமரா வைத்துவிட்டான் சுஹேல். ஃபேமிலி ரூமில் மட்டும் வைக்கவில்லை. வைத்தால் மறுநாளே ஆம்பூர் ஜனம் கடைக்கு வருவதை நிறுத்திவிடும். ஒருநாள் டேனியல் தட்டை எடுக்கும்போது எதையோ பையில் போட்ட மாதிரி கேமராவில் தெரிந்ததாம். சுஹேல் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டான். டேனியலுக்குப் பேஜாராகிவிட்டது. வாய் சும்மா இருந்ததா?

"எங்களை மட்டும் நாள் பூரா பாக்குறீங்களே சார். உள்ள ரூம்ல கேமரா இல்லியே, அங்க இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

கோள் சொல்லும் எண்ணத்தில் சொன்னதில்லை, எரிச்சலில் வந்த வார்த்தை. ஆனால் சுஹேல் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டான்.

விஷயம் சௌந்தரத்தின் காதுக்கு வந்தது பாத்திரம் கழுவும் எல்லம்மா மூலமாக. ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளை எல்லம்மா தொட்டிப் பக்கம் இழுத்தாள். எல்லம்மா சின்ன வயசிலிருந்து பாய்மார் வீடுகளில் வேலை செய்தவள், உருது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"சௌந்தரோ, உஷாரா இரு. சின்ன பாய் போன்ல பேசிக்கினு இருந்தாரு. இன்னிக்கு உன் ரூமுக்கு ஒரு பொம்பளைய அனுப்புறாராம். சாப்புட்டுட்டு உன் கையில காசு குடுப்பாங்களாம். வாங்குறியா இல்லையான்னு பாக்கத்தான்."

"யாரு அது?"

"அது தெரியலடி. எவளோ ஒருத்தி."

எவளோ ஒருத்தி! ஞாயிற்றுக்கிழமை ஃபேமிலி ரூமுக்கு வருவதே எவளோ ஒருத்திகள்தானே. இதில் யாரை என்று பார்ப்பது? அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் ஜாஸ்தி வந்தது. கொடுப்பதாகச் சொன்ன பணத்தைக் கொடுக்காதவனை யாரும் சோதிப்பதில்லை, டீக்காசு வாங்குகிறவளுக்குத்தான் பொறி வைக்கிறார்கள். ஆனாலும் முடிவு செய்துகொண்டாள். இன்று யார் கொடுத்தாலும் கையை நீட்டுவதில்லை. கடவுளே வந்து கொடுத்தாலும் சரி.

மத்தியானம் கூட்டம் தள்ளியது. சௌந்தரம் பிரியாணியும் கத்தரிக்காயும் தயிர் பச்சடியும் சுமந்துகொண்டு ஓடினாள். ஓட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு முகமாக அளந்தாள். கைப்பையைத் திறக்கிற சத்தம் கேட்டாலே திடுக்கென்றது. யாராவது கை கழுவ எழுந்தால், வேண்டுமென்றே எதிர் மூலைக்குப் போய்த் தண்ணீர் ஜக்கை நிரப்பினாள்.

ஆனால் கோவிந்தம்மாளிடமிருந்து எங்கே ஓடுவது? குடியாத்தத்திலிருந்து பேரப்பிள்ளைகளோடு மாசம் ஒரு ஞாயிறு வருகிறவள். சௌந்தரத்துக்கு மூச்சு இழுக்கும் என்று தெரிந்து, ஒரு தடவை தூதுவளைப் பொடி அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். எழுந்து வந்து வழக்கம்போல் கையைப் பிடித்தாள். சௌந்தரம் கையை உருவிக்கொண்டாள்.

"வேணாம்மா."

"இன்னாது?"

"இப்பல்லாம் வாங்கக் கூடாதும்மா. ரூல் போட்டுட்டாங்க."

கோவிந்தம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "நானா உனக்கு ரூலு? என் காசுல இன்னாடி குறை கண்ட?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னாலேயே ஓடிப் போய்க் காலைத் தொட்டுச் சொல்லிவிடலாமா என்றிருந்தது சௌந்தரத்துக்கு. ஒருவேளை சின்ன பாய் அனுப்பியது இவளைத்தானோ என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. சீ, என்ன பிழைப்பு இது, கோவிந்தம்மாளையே சந்தேகப்பட வைத்துவிட்டானே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கொஞ்ச நேரத்தில் நடு மேசைக்கு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெங்களூர் வண்டியில் வந்தவள். கை நிறையத் தங்க வளையல், கண்ணோ ரூம் முழுக்கச் சுழன்றது. பிரியாணியைவிடக் கேள்விதான் ஜாஸ்தி சாப்பிட்டாள். இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய்? சம்பளம் எவ்வளவு தருகிறார்கள்? டிப்ஸ் எல்லாம் வருமா? சௌந்தரத்துக்கு உறுதியாகிவிட்டது. இவள்தான்! "எல்லாம் நல்லா குடுக்குறாங்கம்மா" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். கடைசியில் அந்தம்மாள் பெரிய நோட்டாக ஒன்றை எடுத்து எல்லோரும் பார்க்கவே நீட்டினாள்.

சௌந்தரம் இரண்டடி பின்னால் போனாள். "வேணாங்கம்மா. எல்லாம் பில்லுலயே வந்துடுது."

"பரவால்லியே, நல்ல ஓட்டல்" என்று நோட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள் அந்தம்மாள்.

அப்பாடா! சௌந்தரம் சுவரில் சாய்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தாள். கண்டம் தாண்டியாயிற்று. போய்ச் சொல்லு உன் முதலாளியிடம், சௌந்தரம் வாங்கவில்லை என்று. அதுவரை இழுத்துக் கட்டியிருந்த உடம்பு அப்போதுதான் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சிதான் வினையாக முடிந்தது.

மூலை மேசையில் ஒரு சின்னப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். கறுப்பு பர்தா, முகத்திரையைத் தூக்கியிருந்தாள், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசிருக்கும். வீட்டுக்காரர் காரில் போன் பேசுகிறார், நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன் என்றாள். பிரியாணித் தட்டை வைத்ததும் அவள் முகம் வெளிறியது. ஆவி மூக்கில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். சௌந்தரம் ஜக்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடி, அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், வேலையாட்களுக்கு வைத்திருந்த ரசத்தைக் கொஞ்சம் வெறும் சோற்றில் பிசைந்து கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். அது மெனுவில் இல்லாத சாப்பாடு, பில்லில் ஏற்ற வழியில்லை. அந்தப் பெண் கிண்ணத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

"எத்தினி மாசம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள் சௌந்தரம்.

அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்புறம் மேசைக்கடியில் இரண்டு விரலைக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது. "வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லலக்கா. நேத்துதான் எனக்கே உறுதியா தெரிஞ்சுது. பயமா இருக்குது."

"இன்னாத்துக்குப் பயம்? ரசம் சாதம் உள்ள நின்னுச்சுல்ல? புள்ளை கெட்டிக்காரப் புள்ளை."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எழுந்து கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். சௌந்தரம் தலையாட்டினாள், வேண்டாம், வாங்கக் கூடாது என்றாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள், நோட்டைப் பைக்குள் வைக்கப் போனவள் மாதிரி. பிறகு என்ன நினைத்தாளோ, சௌந்தரத்தின் கையை இரண்டு கையாலும் பற்றினாள்.

"அக்கா, இது டிப்ஸ் இல்ல. என் வயித்துல இருக்குறது பேர்ல குடுக்குறேன். மொதமொதல்ல உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குது. நல்லபடியா பொறக்கணும்னு நெனச்சுக்கினு வாங்கிக்கோங்க. வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க."

நீங்களே சொல்லுங்கள், இதை எந்தப் பெண் மறுப்பாள்? பிறக்கப் போகிற பிள்ளை பேரில் கொடுப்பதைத் தட்டிவிட்டால் அந்தப் பெண் மனசு என்ன பாடுபடும்? ஊரில் உள்ள ரூலெல்லாம் ஒரு பக்கம், வயிற்றுப் பிள்ளை ஒரு பக்கம். சௌந்தரம் வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையாலேயே அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பொறி வைத்தவள் போய்விட்டாளே என்ற தைரியமும் இருந்தது.

அந்தப் பெண் பக்க வாசல் வழியாகப் போய்ச் சோம்பு டப்பா மூடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. முன் ஹாலிலிருந்து டேனியல் திரைக்கு வெளியே வந்து நின்று குரல் கொடுத்தான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, சார் கூப்புடுறாரு. உடனே வரச் சொன்னாரு."

கல்லாப் பக்கத்தில் சுஹேல் நின்றிருந்தான். வாஹித் பாஷா நாற்காலியில் இருந்தார். ஹால் நிறைய ஆட்கள், பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். மற்ற சர்வர்கள் தட்டும் கையுமாக அங்கங்கே நின்றுவிட்டார்கள்.

"இப்ப வாங்குன காசை எடு" என்றான் சுஹேல்.

சௌந்தரம் இடுப்புச் சுருக்கிலிருந்து நோட்டை எடுத்தாள். அவன் அதை வாங்கி, தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தான். நம்பர் ஒன்றேதான். நோட்டை ஹாலுக்கே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"பாத்துக்கங்க எல்லாரும். இது நான் அனுப்புன நோட்டு. குடுத்தது என் ஒய்ஃப். கையில வாங்கக் கூடாதுன்னு எத்தினி தடவை சொல்லியிருக்கேன்? சம்பளம் குடுக்குறோம்ல? அப்புறம் இன்னாத்துக்கு பிச்சை எடுக்குற?"

பிச்சை என்ற அந்த வார்த்தை செருப்பால் அடித்த மாதிரி விழுந்தது. சௌந்தரம் வாயைத் திறந்தாள். அது டிப்ஸ் இல்லை சார், உங்கள் பிள்ளை பேரில் உங்கள் சம்சாரம் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலைமை தலைகீழாகிவிடும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையே? புருஷனிடம் அவள் தன் வாயால் சொல்ல வேண்டிய சேதியை, இத்தனை ஆம்பளைகள் நடுவே, எச்சில் தட்டுகளுக்கு நடுவே நான் போட்டு உடைப்பதா? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"பேச மாட்டியே. இன்னான்னு பேசுவ? கணக்கு முடிச்சுட்டுக் கிளம்பு."

"சுஹேல், கொஞ்சம் மெதுவா" என்றார் வாஹித் பாஷா.

"நீங்க சும்மா இருங்க."

சௌந்தரத்துக்குக் கண் முன்னால் கம்பெனி பஸ் வந்து நின்றது. சொல்யூஷன் வாசனை நிஜமாகவே மூக்கில் ஏறி, நெஞ்சு இழுத்தது. அழக் கூடாது, இவன் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டேனியல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், தான் விட்ட வார்த்தை எங்கே வந்து நிற்கிறது என்பது அவனுக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருக்கும்.

அப்போது ஃபேமிலி ரூம் திரை விலகியது. அந்தப் பெண் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு நேராக முன் ஹாலுக்குள் வந்தாள். பர்தாப் பெண்கள் யாரும் அந்த வழியாக வருவதில்லை, ஹால் சத்தம் சட்டென்று அடங்கியது. அதுவரை கடைப் பக்கமே வந்திராத அவள் பேர் சைரா என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது, "சைரா, காருக்குப் போ" என்று சுஹேல் அதட்டியதால்.

அவள் போகவில்லை. "குடுத்தேன்னு சொன்னதும் இறங்கி ஓடி வந்துட்டீங்க. ஏன் குடுத்தேன்னு கேட்டீங்களா?" என்றாள். "அவங்க வேணாம்னு சொன்னாங்க. வாங்கல. நான்தான் கையைப் புடிச்சுக் குடுத்தேன். பையில வேற காசு இல்ல, நீங்க குடுத்தது மட்டும்தான் இருந்துச்சு." பிறகு அவன் பக்கத்தில் போய், உருதில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொன்னாள்.

சுஹேல் அப்படியே நின்றுவிட்டான். தூக்கிப் பிடித்த நோட்டு அந்தரத்திலேயே நின்றது. அவன் மருண்டு மருண்டு சைராவைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், சௌந்தரத்தைப் பார்த்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றதால் பெரியவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். "மாஷா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு வாஹித் பாஷா எழுந்தார். எழுந்த வேகத்தில் சோம்பு டப்பா உருண்டது. "தாத்தாவாகப் போறேன்! டேய், தாத்தாவாகப் போறேன்டா!"

அப்புறம் கேட்க வேண்டுமா? கல்லாவில் விற்பனைக்கு அடுக்கியிருந்த ஆற்காட்டு மக்கன் பேடாப் பெட்டிகளை எல்லாம் பெரியவர் உடைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டில் எல்லாம் பேடா விழுந்தது. எவரெவரோ வந்து சுஹேலின் கையைக் குலுக்கினார்கள். சைரா திரை மறைவுக்குப் போய் நின்றுகொண்டாள். இந்தக் கொண்டாட்டத்தில் சௌந்தரம் என்று ஒருத்தி நடுவில் நிற்பதே யாருக்கும் ஞாபகமில்லை. இருக்கிறாயா, போகிறாயா என்று ஒருவரும் சொல்லவில்லை. பிச்சை என்று சொன்ன வாயில் இப்போது பேடா இருந்தது.

சுஹேலுக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. கல்லாவைத் திறந்து நோட்டுகளை அள்ளினான். "எல்லாரும் வாங்க, புள்ளைக்காக எல்லாரும் துவா பண்ணுங்க" என்று சர்வர்களை வரிசையாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு நோட்டாகக் கையில் வைத்தான். டேனியலும் வாங்கினான். மற்றவர்களும் வாங்கினார்கள். எல்லம்மாகூட ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டாள். கடைசியாகச் சௌந்தரத்திடம் வந்தான்.

"இந்தா, இது சைரா குடுத்தது. இது நான் குடுக்குறது. நடந்ததை மனசுல வச்சுக்காத. போய் வேலையைப் பாரு."

சௌந்தரம் சைராவின் நோட்டை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் சொருகினாள். அவன் நோட்டு அவன் கையிலேயே இருந்தது.

"இது அந்தப் பொண்ணு புள்ளை பேர்ல குடுத்தது, வாங்கிக்கிறேன். உங்களுது வேணாம் சார்."

"ஏன்? நான் சந்தோஷமா குடுக்குறேன்."

"கையில வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க. கேமரா வேற பாத்துக்கினு இருக்குது. வாங்குனா பிச்சைன்னு சொல்லிட்டீங்க. நான் பிச்சை எடுக்க வர்ல சார், வேலை செய்ய வர்றேன். குடுக்கணும்னு உங்களுக்கு மனசு இருந்துச்சுன்னா சம்பளத்துல போட்டுக் குடுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் ஹாலின் கடைசி மேசை வரைக்கும் கேட்டது. சுஹேலின் சிரிப்பு பாதியில் நின்றது. நீட்டிய கையை மடக்குவதா, நீட்டியபடியே வைத்திருப்பதா என்று தெரியாமல் அவன் நின்றான்.

முதலில் அசைந்தது டேனியல்தான். சட்டைப் பைக்குள் போட்டுவிட்ட நோட்டை வெளியே எடுத்தான். நடந்து வந்து கல்லாவின் மேல் வைத்தான். சௌந்தரத்தை அவன் பார்க்கவில்லை.

"எனக்கும் சம்பளத்துலயே போட்டுடுங்க சார். அந்த சர்வீஸ் சார்ஜையும் சேத்து."

அடுத்தவன் வந்து வைத்தான். அதற்கடுத்தவன் கொஞ்சம் யோசித்தான், அப்புறம் வைத்தான். எல்லம்மா தன் நோட்டை ஒரு தரம் ஆசையாகப் பார்த்துவிட்டு, "த்தூ, போ" என்று அதையும் கொண்டுபோய் மேலே போட்டாள். சாப்பிட வந்தவர்களில் ஒருவர் தன் பில்லை எடுத்து அடிவரியை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இவங்களுக்குப் போறதில்லையா?" என்று கேட்டார்.

சுஹேல் அப்பாவைப் பார்த்தான். வாஹித் பாஷா பேடாப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைப் பிரிச்சுக் குடுக்கறேன்னு நீ சொன்னது உண்மைதானே?" என்று கேட்டார் பெரியவர்.

சுஹேல் நோட்டுகளைக் கல்லாவுக்குள் தள்ளினான். "சரி, எல்லாரும் உள்ள வாங்க. ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசிக்கலாம்."

சௌந்தரம் நகரவில்லை.

"உள்ள வேணாம் சார். இங்கேயே பேசலாம், எல்லாரும் இருக்காங்க."